கை நடுக்கத்துக்கு ஒரு வழி

பக்கத்து இருக்கைக்காரரின் கை நடுங்குவதைப் பார்த்ததும் நர்ஸம்மாவுக்குத் தன் பயம் பாதியாகக் குறைந்தது. இந்த விமானத்தில் செத்துச் செத்துப் பிழைப்பது தான் ஒருத்தி மட்டுமில்லை என்று ஒரு நிம்மதி.

இருபத்தாறு வருஷமாகப் பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. பதினோரு வருஷமாகப் பார்க்காத தங்கை, படுத்துத் தூங்கிக்கொண்டே வந்துவிடலாம் என்று ஆசை காட்டி, பிசினஸ் கிளாஸில் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் கொடுத்ததைப்போல மூன்றரை மடங்கு.

அந்தப் பணத்துக்கு மெத்தை, போர்வை, செருப்பு, மாற்றிக்கொள்ள இரவு உடை என்று கொண்டுவந்து குவித்தார்கள். குட்டிப் பையில் பல் துலக்கும் பிரஷ்கூட இருந்தது. நல்ல பிரஷ்தான், ஈறைக் கிழிக்காத மிருதுவான நார். பயத்துக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை.

பொத்தானை அமுக்கினால் இருக்கை மெல்லச் சாய்ந்து கட்டிலானது. அவள் உடனே நிமிர்த்திக்கொண்டாள். டாக்டரின் நாற்காலியும் இப்படித்தான் சாயும். அதில் சாய்க்கப்பட்டவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

வெளியே பட்டப்பகல். ஜன்னல் மூடிகளை இறக்கி உள்ளே இரவாக்கியிருந்தார்கள். கிளம்பும்போது பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. சாப்பாடு முடிந்து விளக்குகள் அணைந்த பிறகு, முன்பக்கத்திலிருந்து வந்து உட்கார்ந்தார் அந்த மனிதர். சாம்பல் நிற ஸ்வெட்டர், ஐம்பது வயது இருக்கும். முன்னால் சத்தமாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பணிப்பெண் அவருக்குப் போர்வையைக் கொடுத்து, கட்டாயம் தூங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் தூங்கவில்லை. போர்வையின் மேல் கிடந்த வலது கை மட்டும் தனக்கென்று ஓர் உயிர் இருப்பதைப்போல நடுங்கிக்கொண்டிருந்தது.

"சாருக்கும் இதான் முதல் தடவையா?" என்றாள்.

"இல்லக்கா. கணக்கே இல்ல."

பேச்சை மாற்றுவதற்காக டிக்கெட் என்ன விலை என்று கேட்டாள். தான் ஒன்றும் கொடுக்கவில்லை, கம்பெனி ஏற்பாடு என்றார். கொடுத்துவைத்தவர் என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை.

திடீரென்று விமானம் ஒருமுறை தூக்கிப்போட்டது. அவள் கைப்பிடி இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"இதுக்கெல்லாம் பயமில்லக்கா. எறங்கறதுதான் பயம்."

நாலு மாதத்துக்கு முன்பு இறங்கும்போது சக்கரம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதாம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து, இறங்குவதை நினைத்தாலே இந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். இன்றைக்கு இங்கே வேலை பார்ப்பவர்களிடமாவது சொல்லிவிடலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

நர்ஸம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது அவளுடைய தொழில்.

"சொல்லிடாதீங்க தம்பி. எல்லாரும் வந்து சுத்தி நின்னுக்குவாங்க. இன்னும் ரெண்டு மடங்கு நடுங்கும்."

எத்தனை பேரின் கையைப் பிடித்திருப்பாள். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவர்கள்தான் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினார்கள். பயத்தை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தவர்கள் காரியத்தை முடித்துக்கொண்டு போனார்கள்.

"கால் கட்டைவிரல மடக்கித் தரையில அழுத்துங்க. அப்படியே இருபது எண்ணுங்க."

அவர் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. பதினாலு, பதினைந்து எண்ணும்போது நடுக்கம் நின்றது. இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப, யார்கிட்டயும் சொல்ல வேண்டாங்கறீங்க?"

"வேண்டவே வேண்டாம். கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அதற்குப் பிறகுதான் அவள் இருக்கையை முழுசாகச் சாய்த்துக் காலை நீட்டினாள். அடுத்தவர் பயத்தைத் தீர்த்துவைத்ததில் தன் பயம் எங்கோ ஒளிந்துகொண்டது. தூங்கியும்விட்டாள்.

விழித்தபோது ஜன்னல் மூடிகளெல்லாம் திறந்திருந்தன. வெயிலில் கண் கூசியது. தரையிறங்க இன்னும் ஒரு மணி நேரம் என்று எதிரே திரையில் காட்டியது.

அவர் எழுந்து நின்று ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே வெள்ளைச் சட்டை. மடிக்கிற கை மறுபடியும் நடுங்கியது. ஷூவுக்குள் கட்டைவிரலை அழுத்துகிறார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"எங்க கெளம்பிட்டீங்க? பெல்ட்டப் போட்டு உக்காருங்க தம்பி."

அவர் குனிந்து அவள் கையை ஒருமுறை தொட்டார். "நீங்க சொன்னபடியே யார்கிட்டயும் சொல்லலக்கா."

பணிப்பெண் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாள்.

"நேரமாச்சு கேப்டன். எறக்கப்போறது நீங்கதானாம்."