எட்டு ஜிபி போதுமா?

"அஞ்சு மணிக்குள்ள ஒரு லாப்டாப்பாவது வித்துக் காட்டும்மா. முடியலன்னா நாளைக்கு நீ பாலோவுல இருந்து பஸ் ஏறி வர வேண்டாம்."

குளுவாங்கில் இருபது வருடமாகக் கணினிக் கடை நடத்தும் மகேஸ்வரன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலம் மழை வரும் என்பதுபோலச் சொன்னார். ஷாமளாவுக்குச் சோதனைக் காலம் மூன்று நாள். இரண்டரை நாளில் அவள் விற்றது ஒரு மவுஸ். வாங்கியவர் மறுநாளே அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வாயே திறக்க மாட்டேங்கிறியே. படிச்சதெல்லாம் எங்க பூட்டி வச்சிருக்க?"

"யாராச்சும் கேட்டா சொல்லிடுவேன் பாஸ். எல்லாரும் விலையை மட்டும் கேட்டுட்டுப் போயிடுறாங்க."

நாலேகாலுக்கு, ஐம்பதைத் தாண்டிய ஒருவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்தக் கடைக்குள் வெறுங்காலோடு வந்த முதல் மனிதர் அவர்தான். இது தேறாது என்று மகேஸ்வரன் பேப்பரை விரித்துக்கொண்டார்.

"என்ன பார்க்கிறீங்க அங்கிள்?" ஷாமளாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"லாப்டாப்பு. ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்குள்ள."

"யாருக்கு அங்கிள்?"

"என் மகளுக்கு. கெட்டிக்காரி. ஆனா சரியான பயந்தாங்கொள்ளி."

ஷாமளா இருமினாள். பிறகு கறுப்பு நிறத்தில் கொஞ்சம் தடிமனாக இருந்த ஒன்றை எடுத்து வைத்தாள். அவர் அதைத் தூக்கி, செம்பனைக் குலையில் காய் எது பழம் எது என்று பார்ப்பவர்போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மெமரி எவ்வளவு?"

"எட்டு ஜிபி."

"நாலு போதாதா? விலை குறையுமே."

"வேணாம் அங்கிள். விண்டோஸே பாதியைத் தின்னுடும். மிச்சத்துல உங்க மக நாலு பக்கத்தைத் திறந்து வச்சு வீடியோ கிளாஸும் பார்த்தா, ஐயோ அலமாக், அப்படியே உறைஞ்சு நின்னுடும்."

"அப்ப எட்டு போதுமா?"

"பாடத்துக்கும் எக்செலுக்கும் போதும். வீடியோ வெட்டி ஒட்டுற வேலைன்னா பதினாறு வேணும்."

"பின்னால கூட்டிக்கலாமா? இல்ல, கழட்ட முடியாம போர்டுலயே ஒட்டி வச்சிட்டானா?"

மகேஸ்வரன் பேப்பரைத் தாழ்த்தினார். இந்தக் கேள்வியை அவர் கடையில் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவருக்கே இது தோன்றப் பத்து வருடம் ஆனது.

"ஒண்ணு ஒட்டினது அங்கிள். பக்கத்துல இன்னொண்ணு சொருக இடம் காலியா இருக்கு. வாங்குறதுக்கு முன்னால எல்லாரும் இதைத்தான் கேட்கணும்." ஷாமளாவின் குரல் இப்போது கண்ணாடிக் கதவுவரை போனது.

"புரொஜெக்டர்ல மாட்ட வழி?"

"எச்டிஎம்ஐ இருக்கு. பென்டிரைவுக்கு மூணு யுஎஸ்பி. அதோ, மெலிசா இருக்கே, மூவாயிரத்து இருநூறு வெள்ளி, அதுல ரெண்டே ஓட்டைதான். மத்ததுக்கெல்லாம் தனியா அடாப்டர் வாங்கிக்கிட்டே இருக்கணும்."

மூவாயிரத்து இருநூறை மூன்று மாதமாகத் தள்ளப் பார்க்கும் மகேஸ்வரன் எச்சரிக்கையாகத் தொண்டையைச் செருமினார். ஆனாலும் அவரால் கேட்பதை நிறுத்த முடியவில்லை. பிரிண்டர் மை வாங்க வந்த சுபத்திரா டீச்சரும் மையை மறந்துவிட்டு அருகில் வந்து நின்றார்.

"சரி, இந்த சின்ன நீள ஓட்டையில ஃபோன் சார்ஜரைச் சொருகினா லாப்டாப்புக்குச் சார்ஜ் ஏறுமா?"

ஷாமளா திகைத்தாள். வாடிக்கையாளரை எந்த விற்பனைப் பெண்ணும் முறைக்கக் கூடாத விதமாக ஒரு முறை முறைத்தாள்.

"எனக்குத் தெரியல அங்கிள்" என்றாள் மெதுவாக. "ஆனா தெரியாம ஏறும்னு சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் இருங்க."

மகேஸ்வரனின் சார்ஜரையே வாங்கிச் சொருகிப் பார்த்தாள். ஏறவில்லை.

"ஏறாது. ஃபைல் அனுப்ப மட்டும்தான் ஆகும். இதோட வர்ற சார்ஜரைத் தொலைச்சிடாம வச்சுக்கச் சொல்லுங்க."

"எனக்கும் இதுலயே ஒண்ணு எடும்மா" என்றார் சுபத்திரா டீச்சர். "தெரியலன்னு சொல்ற ஆளை முதல் தடவையா கடையில பார்க்கிறேன்."

நாலு ஐம்பதுக்கு இரண்டு லாப்டாப் விற்றிருந்தது. டீச்சர் மையை வாங்காமலே போனார். வந்தவர் உத்தரவாத அட்டையைக் கொட்டை எழுத்தில் நிரப்பி, பணம் கட்டி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மகேஸ்வரன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடு. வேலை உனக்குத்தான். விலை கூடுனதை நீ விற்கவே மாட்டேன்னு தெரியுது. பரவாயில்ல, நீ சொன்னா ஆளுங்க நம்புறாங்க."

"தேங்க்ஸ் பாஸ்." அவள் கண் கலங்கிவிட்டது.

"என்ன மனுஷன் பாரு. கேள்வி ஒவ்வொண்ணும் ஆணி அடிச்ச மாதிரி. கடைசியில அட்டையை மறந்து வச்சிட்டுப் போயிட்டார்."

"குடுங்க பாஸ், அட்ரஸ் பார்த்து போஸ்ட்ல அனுப்பிடுறேன்."

"எதுக்கு ஸ்டாம்பு செலவு? பேரு ஐயாசாமின்னு போட்டிருக்கார், உன் விண்ணப்பத்துல அப்பா பேருக்கு நேரா இருக்கிற அதே ஐயாசாமி, பாலோவுல அதே வீட்டு நம்பர்" என்று அட்டையை நீட்டினார் மகேஸ்வரன். "ராத்திரி சாப்பிட உட்காரும்போது குடுத்துடு."