நாலு விரல் குறைச்சல்

கார் டிக்கிக்கு விரிப்பு தைக்க, சுகந்தி பழைய ஜன்னல் திரையை எடுத்தாள். டிக்கியைத் தன் சாணால் அளந்து சொன்னான் புருஷன். துணியைத் தன் சாணால் அளந்து வெட்டினாள் அவள். யார் கை பெரிது என்று இருவருக்குமே தோன்றவில்லை. விரித்தால், ஓரத்தில் நாலு விரல் குறைந்தது.

"போச்சு! இனி அடுப்படியில் கரித்துணிதான்," என்று திரை அழுதது.

டிக்கி மூலையில் மடிந்து கிடந்த கல்யாண மஞ்சப்பையைப் பிரித்து, சுகந்தி அந்தக் குறைந்த ஓரத்தில் ஒட்டுப் போட்டாள். விரிப்பு கச்சிதமாகப் பொருந்தியது.

"என்னைக் காப்பாத்திட்டே. எப்படி நன்றி சொல்றது?" என்றது திரை.

"நல்லா இருக்கே! நான்தான் சொல்லணும். நீ குறைஞ்சதாலதானே, நான் இன்னிக்குக் கையைக் காலை நீட்டிப் படுத்திருக்கேன்," என்றது மஞ்சப்பை.