கிருமி பரவும் விதம்

கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடி, ஊதா விளக்கில் மட்டும் பச்சையாக ஒளிரும். காலையில் ஒரு பிள்ளையின் கையில் தடவினால் மாலைக்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிடும். என் அறிவியல் நிகழ்ச்சியில் அதிகக் கூச்சல் எழுவது அப்போதுதான்.

“யாருக்குத் தடவலாம் டீச்சர்?” என்று கேட்டேன்.

“கடைசி பெஞ்சுல தனியா இருக்காளே, அவளுக்கு. அழுக்கு மூட்டை. அப்பவாவது புத்தி வரட்டும்.”

மாலையில் ஜன்னல்களைச் சாத்தி, எல்லாரையும் கை நீட்டச் சொன்னேன்.

“சீ, உன் கைதான்டா மின்னப்போகுது!”

“போடா மூக்குநோண்டி, உன்னோடதுதான்!”

வரிசையாக விளக்கைக் காட்டினேன். ஒரு கையும் ஒளிரவில்லை. விளக்கு பழுதோ என்று நினைத்தேன். கடைசி பெஞ்சில் அந்தச் சிறுமியின் இரண்டு கைகள் மட்டும் பச்சையாக எரிந்தன.

“பாத்தீங்களா சார்,” டீச்சர் பூரித்துப்போனார். “எங்க பிள்ளைங்க எவ்வளவு சுத்தம்!”

வகுப்பே கைதட்டியது. விளக்கை என் கைகளில் காட்டிப் பார்த்தேன். அவையும் இருட்டாகவே இருந்தன.

எப்போதும் பிள்ளையின் கையைப் பிடித்து, என் விரலால்தான் பொடியைத் தடவுவேன். இன்று காலை மட்டும் தூரிகையை எடுத்திருந்தேன்.