காதில் மாட்டிய கரண்டு

பாகூர் டாக்டர் தணிகாசலத்தின் அறை மத்தியான வெயிலில் புழுங்குகிறது. இருபது வருடமாக அபின் தின்னும் சவரிராயனின் இரு காதுகளிலும் கிளிப்பை மாட்டி, வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்துத் தானே செய்த பேட்டரிப் பெட்டியின் குமிழைத் திருகுகிறார் டாக்டர். பெட்டி வண்டுபோல ரீங்கரிக்கிறது. "கரண்டு பட்டா மூளையே அபின் மாதிரி ஒண்ணச் சுரக்கும்மா. வெளிய தேடவே வேணாம்." சவரிராயனின் மனைவி மதலேன் உதட்டைச் சுழிக்கிறாள். "இந்தாளு மண்டையில இன்னா சுரக்கும்? சீழுதான் சுரக்கும்." ஆனால், அபினை நிறுத்திய நாலு நாளாக உதறிக்கொண்டிருந்த அவன் கைகள் மெல்ல அடங்குகின்றன. மூக்கு ஒழுகுவதும் நிற்கிறது. அவள் தன்னையறியாமல் ஒரு அடி கிட்டே வருகிறாள். போதும் என்று டாக்டர் பெட்டியை அணைக்கப் போக, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பல்லிளிக்கிறான் சவரிராயன். "இன்னும் கொஞ்சம் கூட்டி வையி சார்." மதலேன் ஜன்னலுக்கு வெளியே காறித் துப்புகிறாள். "நல்லா தொறந்தீங்க டாக்டரு, இன்னொரு அபின் கடைய."