ஓரம் பிசகாத துணி

"இது என்ன துணியோட ஓரமா, ஏற்காடு ரோடா? இத்தனை கொண்டை ஊசி வளைவு!"

அனிதா மேடம் தூக்கிப் பிடித்ததைப் பார்த்து வகுப்பே சிரித்தது. டெக்ஸ்டைல் டிசைன், கடைசி வருஷம். துணிக்குச் சொந்தக்காரி அபிநயா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊசிப் பின்னல் அவளுக்குக் கைவந்துவிட்டது. சேலத்து வெயிலில் எவர் போட்டுக்கொள்வாரோ, ஒரு முழு ஸ்வெட்டரே பின்னிவிட்டாள். தறிதான் காலை வாரியது. குறுக்கு நூலைக் கொஞ்சம் இழுத்தால் ஓரம் சுருங்கியது, விட்டால் தொங்கியது. சாப்பாட்டு நேரத்தில்கூடக் கல்லூரித் தறியே கதியென்று கிடந்ததற்கு இந்த மரியாதை.

"இனியாவோடதைப் பாருங்க. இது நெசவு!"

நாவல்பழ நிறத்தில் மஞ்சள் கட்டம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓரம். அந்த இனியா தறிப் பக்கம் வந்ததே செல்ஃபி எடுக்கத்தான்.

வகுப்பு முடிந்ததும் அபிநயா மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேம், அது அவ நெய்ததில்லைங்க. வெளியில ஆள் வெச்சு வாங்கியிருக்கா. இன்னும் நாலஞ்சு பேரும் அப்படித்தான்."

"எதை வெச்சுச் சொல்றே?"

"நெயில் பாலிஷ்கூட உரியாம யாராச்சும் நெய்ய முடியுங்களா மேம்?"

மேடம் யோசித்தார். "சரி. நெய்து கொடுத்தது யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. எல்லாரோடதையும் தள்ளிட்டு என் கண்ணெதிர்ல மறுபடி நெய்யச் சொல்றேன். உனக்கும் இன்னொரு வாய்ப்பு. இல்லேன்னா திங்கக்கிழமை மார்க் அனுப்பிடுவேன். நீ ஃபெயில்தான்."

விடுதியில் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தாள். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

"உனக்கு வரலைன்னா வரலைன்னு ஒத்துக்கடி," என்றாள் இனியா.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டையாம்பட்டிக்கு பஸ் ஏறினாள். படிப்பே வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லிவிடத்தான். வழியெல்லாம் அந்த முகம் தெரியாத தறிக்காரனைச் சபித்துக்கொண்டே வந்தாள். அடுத்தவள் படிப்பில் மண்ணள்ளிப் போடுகிறவன் உருப்படுவானா?

வீட்டில் அம்மா மயிலம்மாள் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வா சாமி. என்ன, மூஞ்சி செத்துக் கெடக்குது?"

"நானும் ஊட்லயே இருந்து தறி ஓட்டறேம்மா. எனக்குப் படிப்பு வராது."

"அடி செருப்பால! உன்னையத் தறியில உக்கார வெக்கக் கூடாதுன்னுதான் நான் இடுப்பொடிய உக்காந்திருக்கறேன். பேச்சைப் பாரு!"

அபிநயா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

அம்மாவின் குரல் இறங்கியது. "கண்டதையும் நெனைக்காத கண்ணு. உன்ற பரீட்சைப் பீசுக்கு என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டு நின்னேன். ஏஜென்ட்டு அருணகிரி ஒரு வேலை கொண்டாந்தாரு. யாரோ சேலத்துப் பணக்காரப் புள்ளைங்களாம். ஆளுக்கொரு டிசைன்ல துண்டு துண்டா நெய்யோணும்னாங்க. பாவம், எதுக்கோ என்னமோ. அதுலதான் கட்டுனேன்."

அபிநயா நிமிர்ந்தாள்.

"கடைசிப் புள்ளையோடதுல பாவு நூலு கொஞ்சம் தறியில மிச்சம் நின்னுச்சு. அறுத்து எறிய மனசு வல்லை. உனக்குத் துப்பட்டா ஆகுமேன்னு ஓட்டிக்கிட்டு இருக்கறேன். காலேசுக்குப் போட்டுக்க. கலரு நல்லாருக்குதா பாரு."

அபிநயா எழுந்து வந்து பார்த்தாள்.

நாவல்பழ நிறம். மஞ்சள் கட்டம்.

கைப்பேசி அடித்தது. அனிதா மேடம்.

"என்ன அபிநயா, அந்தத் தறிக்காரன் கிடைச்சானா?"

அம்மா குறுக்கு நூல் நாடாவை ஓட்டுவதை நிறுத்திவிட்டு, யார் என்று சைகையால் கேட்டாள்.

"அப்படி யாருமே இல்லீங்க மேம். இனியா நெய்யறதை நானே பாத்தேன். பொய் சொன்னது நான்தாங்க."