ஆச்சி பீரோ

“ஆச்சி வந்து பாக்குற வரைக்கும் ஒரு துண்டுகூட அங்குட்டு இங்குட்டு நகரக் கூடாது” என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியர் கருத்தையா மறுபடியும் வாசலுக்குப் போனார்.

அறிவியல் அறையின் தரையில், மணி வடிவக் கண்ணாடிக் கூடான மணிஜாடி சுக்குநூறாகக் கிடந்தது. யாரும் மிதித்துவிடாமல் அதைச் சுற்றிப் பெஞ்சுகளைப் போட்டு மறித்திருந்தார் கருத்தையா. சோலையம்மாள் டீச்சருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வேலையில் சேர்ந்து இன்னும் காலாண்டுத் தேர்வுகூட வரவில்லை.

சுவரோரம் நின்ற அந்தக் கண்ணாடி பீரோவை யாரும் தொடுவதில்லை. இறந்துபோன கணவரின் நினைவாக மீனாள் ஆச்சி பள்ளிக்குக் கொடுத்த கருவிகள் அதில் இருந்தன. சரஸ்வதி பூஜையன்று திறந்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, திரும்பப் பூட்டிவிடுவார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை ஆச்சி வந்து, “பிள்ளைகளுக்கு உதவுதா?” என்று கேட்பார். “கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறோம் ஆச்சி” என்பார் கருத்தையா. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிவிடுவார். ஆச்சிக்குப் பரம திருப்தி என்று ஆசிரியர்களிடம் சொல்லிக்கொள்வார் கருத்தையா.

நிலவில் மனிதன் இறங்கிய செய்தி வந்த வாரம் அது. முந்தின நாள் பத்தாம் வகுப்பில் அழகி எழுந்து, “அங்க காத்தே இல்லைங்கிறாகளே டீச்சர், ஒருத்தர் கூப்பிட்டா இன்னொருத்தருக்குக் கேக்குமா?” என்றாள்.

கேட்காது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். சோலையம்மாளுக்கு மனசு வரவில்லை. தலைமையாசிரியர் கூட்டத்துக்காகச் சிவகங்கை போயிருந்தார். அவர் அறை ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து பீரோவைத் திறந்து, மணிஜாடியை வெளியே எடுத்துவிட்டாள்.

ஜாடிக்குள் மின்சார மணி அலறியது. பம்பு காற்றை இழுக்க இழுக்கச் சத்தம் தேய்ந்தது. கடைசியில் சுத்தியல் துடித்துக்கொண்டேயிருக்க, சத்தம் அடங்கிப் போனது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

காற்றை உள்ளே விட்டு ஜாடியைத் தூக்கும்போதுதான் அழகியின் கை வழுக்கியது.

இப்போது கருத்தையா வாசலிலிருந்து திரும்பி வந்தார். “எந்தப் பிள்ளைன்னு பேரச் சொல்லுங்க டீச்சர். டி.சி. கொடுத்து அனுப்பிட்டோம்னு சொன்னாலாவது ஆச்சிக்கு மனசு ஆறும்.”

“பிள்ளைக மேல தப்பில்ல சார். பீரோவைத் திறந்தது நான்.”

“அப்ப உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல.”

ஜன்னலுக்கு வெளியே, ஜடை நுனியைக் கடித்தபடி அழகி நின்றுகொண்டிருந்தாள். இடைவேளை மணி அடித்தும் தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. போ என்று சோலையம்மாள் கையசைத்தாள். அவள் நகரவில்லை.

மகள் வாத்தியார் ஆகிவிட்டதாகச் சொந்த ஊரான ஒக்கூர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கும் அப்பாவின் முகம் சோலையம்மாளுக்கு வந்து வந்து போயிற்று. ரோட்டில் எந்த ஹாரன் கேட்டாலும் வாசலை எட்டிப் பார்த்தாள்.

ஒருவழியாகக் கார் வந்து நின்றது. வெள்ளைச் சேலையில் மீனாள் ஆச்சி இறங்கி நேரே அறைக்குள் வந்தார். குனிந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யாரு எடுத்தது?”

“நான்தான் ஆச்சி. கேக்காம எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“காத்து இல்லாத இடத்துல சத்தம் கேக்காதுன்னு பிள்ளைகளுக்குக் காட்டுறதுக்கு. வாயால சொன்னா நம்பிக்கிடுவாக ஆச்சி, ஆனா தெரிஞ்சுக்கிட மாட்டாக.”

ஆச்சி துண்டை மேசைமேல் வைத்துவிட்டு பீரோவின் பக்கம் போனார்.

கருத்தையா முந்திக்கொண்டு கதவுகளை அகலத் திறந்தார். “மத்ததுக்கு ஒரு குறையும் இல்ல ஆச்சி. மைக்ராஸ்கோப்பு, டெலஸ்கோப்பு, தராசு எல்லாம் நீங்க கொடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஒரு கீறல் விழுகல.”

ஆச்சி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் இறுகியது. இனி வரப்போகும் வார்த்தைக்காக, சோலையம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆச்சி தலைமையாசிரியரின் பக்கம் திரும்பினார்.

“இதெல்லாம் ஏன் உடையல?”