வெள்ளித்தாள் சுற்றிய பாட்டில்

அறையில் மூன்று பேர். மேசைக்குப் பின்னால் துறைத் தலைவர். எதிரே மடிக்கணினியோடு ஆய்வு மாணவி. கதவோரம் ஸ்டூலின் நுனியில், எலிக்கூண்டுகளைப் பராமரிக்கும் பெரியவர். மேசை மேல் இயக்குநருக்கு எழுதிய கடிதம், கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பெரியவரை வேலையை விட்டு நீக்கக் கோரும் கடிதம்.

எலிகளின் குடலில் ஒரு மரபணுவைத் தூங்க வைத்திருந்தார்கள். தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தால் மட்டுமே அது விழிக்கும். பாதிக் கூண்டுகளுக்கு மருந்துத் தண்ணீர், மீதிக்கு வெறும் தண்ணீர். இப்போது எல்லாக் கூண்டிலும் விழித்திருந்தது.

"நாலு மாச வேலை. மூணாவது தடவையா வீணாப் போச்சு. பாட்டில மாத்தி வச்சுட்டீங்க, அதானே?" என்றாள் மாணவி.

"மருந்து பாட்டிலுக்கு வெள்ளித்தாள் சுத்தியிருக்கும்மா. கண்ண மூடிக்கிட்டாலும் கைக்குத் தெரியும்."

"அப்ப மருந்து தானா நடந்து போச்சா?"

"எனக்கென்ன தெரியும். பாட்டில் மாத்துறேன். கூண்டு கழுவுறேன். திங்கக்கிழமையானா எல்லாக் கூண்டுலயும் விரிச்சிருக்கற மரத்தூளை ஒண்ணாக் கலந்து, பிரிச்சுப் போடுறேன். சீட்டுல இருக்கறபடி."

"எந்தச் சீட்டு?" தலைவர் முதல்முறையாக நிமிர்ந்தார்.

"கதவுல ஒட்டியிருக்கே ஐயா. எல்லா எலிக்கும் குடல் கிருமி ஒரே மாதிரி இருக்கணும்னு. அதுங்கதான் தூள்ல கெடக்கற புழுக்கையெல்லாம் திங்குதே."

"சார், இந்தக் கதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தா என் படிப்பு முடிஞ்ச மாதிரிதான்," என்றாள் மாணவி. "கையெழுத்துப் போடுங்க."

தலைவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ஒரு வரியை அடித்து, மேலே ஏதோ எழுதினார். கையெழுத்திட்டு, உறையில் போட்டு, ஓரத்தில் பசை தடவி நிதானமாக அழுத்தி ஒட்டினார். பெரியவரிடமே நீட்டினார்.

"இயக்குநர் ரூம்ல குடுத்துட்டு வந்துடுங்க."

பெரியவர் உறையை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். கதவுவரை போய் நின்றார்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாமா ஐயா?"

"நீங்க வரணும். புழுக்கையிலயும் மருந்து இருக்கும்னு யோசிக்காம அந்தச் சீட்டை ஒட்டினது நான்தான்."